பேழைக்கு முழம் போட்ட சுகந்தினி

சுகந்தினி அந்த யூதப் பள்ளிக்கூடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று, அங்கே வேதம் படிப்பிக்கும் யாயெல் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எங்கட கதைகள் தெரியுமா?" என்பதுதான்.

"தெரியாது. ஆனா கதை சொல்லிக் கணக்குப் படிப்பிச்சிருக்கிறன்."

"தெரியாமல் இருக்கிறது நல்லது. பிள்ளையள் கேக்கிற கேள்வியை நீங்களும் கேப்பீங்கள்."

இந்தப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், ரானுயியில் நாங்கள் இருவரும் ரயிலேறி நகர மையத்துக்குப் போகும் வழியில் சுகந்தினி எனக்குச் சொல்லும்போது, யாயெல், பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

வவுனியாவில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர் அவர். கலியாணமாகி ஆக்லாந்து வந்து, இங்கே மறுபடி படித்துச் சான்றிதழ் எடுத்து, யாராவது ஆசிரியர் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் போய் நிற்கிற வேலையில் பல வருடங்கள் ஓட்டினார். யூதப் பிள்ளைகள் படிக்கிற இந்தச் சின்னப் பள்ளிக்கூடம்தான் அவருக்குக் கிடைத்த முதல் நிலையான வகுப்பு. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். வாசலில் எப்போதும் ஒரு காவலாளி. உள்ளே போனால் சாப்பாட்டுக்குத் தனி ஒழுங்குகள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் புட்டைச் சுகந்தினி ஆசிரியர் அறையில் தன்பாட்டில் சாப்பிடலாம், பிள்ளைகளுக்கு ஒரு வாய் கொடுக்கக் கூடாது. சைவச் சாப்பாட்டுக்காரியான அவருக்கு அது விளங்காத விஷயம் இல்லை.

அந்த வகுப்பில் பாடம் நடக்கும் விதம் இதுதான். யூதர்கள் தங்கள் வேதத்தை வாரம் ஒரு பகுதியாக வருடம் முழுக்கப் படிக்கிறார்கள். வேதமும் எபிரேய மொழியும் கற்பிக்கும் யாயெல் அந்த வாரத்துக் கதையைச் சொல்வார். கதைக்குள் இருக்கிற கணக்கையும் விஞ்ஞானத்தையும் எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுப்பது சுகந்தினியின் வேலை. கானான் தேசத்தை வேவு பார்க்கப் போனவர்களில் இரண்டு பேர், பெரிய திராட்சைக் குலையைத் தடியில் கட்டிக் காவிக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு கதை. சுகந்தினி வகுப்பைக் கூட்டுகிற தும்புத்தடியில் ஒரு பையைக் கட்டி, இரண்டு பிள்ளைகளின் தோளில் வைத்தார். பையை ஒரு பக்கமாகத் தள்ளினால் யாருக்குப் பாரம் கூடுகிறது என்று மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தார்கள். "அப்ப கெட்டிக்காரன் எந்தப் பக்கம் நிண்டிருப்பான்?" என்று ஒருவன் கேட்டான். அந்த வாரம் முழுக்க வகுப்பில் அதே விவாதம்.

அக்டோபரில் வேதத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். உலகம் உண்டான கதை முதல் வாரம். இரண்டாம் வாரமே நோவாவும் வெள்ளமும்: பிழை செய்த உலகத்தைக் கடவுள் வெள்ளத்தில் அழிக்க, நோவா பேழை என்ற கப்பலில் மிருகங்களோடு தப்பிய கதை.

அந்த வாரம் வருகிறது என்று தெரிந்தும் சுகந்தினி அதற்கான பாடக் குறிப்பை எழுதாமலே வைத்திருந்தார். அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில் ஆக்லாந்தில் பெய்த மழையில் ரானுயியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள் ஓடைத் தண்ணீர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம். கணவர் திருநாவுக்கரசு மகள் சிவானியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, சுகந்தினி பாஸ்போர்ட்டுகளைப் பையில் போட்டுத் தலைக்கு மேல் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் ரோட்டுக்கு நடந்தார். வீட்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், உள்ளே போகக் கூடாது என்று. அதன்பிறகு நகரத்தின் மறுபக்கம் பாட்டனி டவுன்ஸில் இருந்த மச்சாள் வீட்டில் பல மாதம். இப்போது மறுபடியும் ரானுயிதான், ஆனால் மேட்டில் ஒரு வீடு. மேட்டு வீட்டிலும் மழை சத்தமாகப் பெய்தால் சுகந்தினி கதவைத் திறந்து ரோட்டைப் பார்ப்பார். அதைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

தண்ணீரைத் தள்ளிப்போட அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு கிறிஸ்தவச் சிநேகிதியிடம் வேதாகமம் இரவல் வாங்கிக் கதையைத் தமிழில் வாசித்தபோது, பேழையின் அளவு அதில் முழக்கணக்கில் இருந்தது. முந்நூறு முழ நீளம், ஐம்பது முழ அகலம், முப்பது முழ உயரம். முழம் என்ற சொல்லைப் பார்த்ததும் சுகந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் வாசலில் பூ வாங்கின யாருக்குத்தான் தெரியாது, முழத்தின் நீளம் போடுகிறவரின் கையில் இருக்கிறது என்பது.

அடுத்த நாள் பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு கயிறு கொடுத்தார். முழங்கையில் தொடங்கி நடுவிரல் நுனிவரை ஒரு முழம். ஆளுக்குப் பத்து முழம் போட்டு முடிச்சுப் போடவேண்டும். கயிறுகளை அருகருகே நீட்டி வைத்தபோது ஒன்றுகூட மற்றதோடு ஒத்துவரவில்லை. யாயெலும் ஒரு கயிறு போட்டார். அதுதான் எல்லாவற்றையும் விட நீளம்.

"நோவாட கை எவ்வளவு நீளம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது எழுதேல்ல," என்றார் யாயெல்.

"அப்ப கப்பல் எவ்வளவு பெரிசெண்டு ஒருத்தருக்கும் தெரியாதா?"

"அதாலதான் எல்லாரும் ஒரே அளவுகோலை வைச்சிருக்கிறம்," என்று சொல்லிச் சுகந்தினி மீற்றர் நாடாவை எடுத்தார். பாடம் அவ்வளவு அழகாக அமைந்ததில் மூன்று நாள் அதிலேயே போனது. நான்காம் நாள் யாயெல் கேட்டார், "சுகா, தண்ணி எப்ப?"

இங்கே பிள்ளைகளும் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவர் சுகா.

"நாளைக்கு," என்றார் சுகா.

அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர். களிமண் உருண்டையைப் போட்டால் தாழும். அதே களிமண்ணைத் தட்டி விளிம்பு உயர்த்திப் படகாக்கினால் மிதக்கும். ஒரே மண், ஒரே பாரம், உருவம் மட்டும் வேறு. சின்னப் பிள்ளைகளுக்கு அது மந்திரம் மாதிரி. படகுகளில் பொம்மை மிருகங்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஒரு படகு சாய்ந்து உள்ளே தண்ணீர் போனதும் எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "தாழுது, தாழுது."

தாலியா என்ற பிள்ளை சிரிக்கவில்லை. கொஞ்சம் பேச்சுக் குறைந்த பிள்ளை அவள். தன் படகைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றவள், படகைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தொட்டியைத் தள்ளினாள். தொட்டி கவிழ்ந்தது. தண்ணீர் நிலத்தில் பரவிப் பிள்ளைகளின் சப்பாத்துகளை நனைத்தது. தாலியா கதிரையில் ஏறி நின்றாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை.

சுகந்தினி துடைப்பதற்குத் துணி எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். நிலத்தில் தண்ணீர் வாசற்பக்கம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றதாகச் சொன்னார். யாயெல்தான் வந்து துணியை வாங்கித் துடைத்தார்.

தாலியாவின் வீடும் அதே வெள்ளத்தில் போனது என்று அன்று மத்தியானம்தான் சுகந்தினிக்குத் தெரியவந்தது. நடந்ததைப் பள்ளிக்கூடம் அறிவித்ததும் தாய் போன் பண்ணிச் சொன்னார். அதிபர் சுகந்தினியைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், இனித் தண்ணீர் வேண்டாம், கதையின் கடைசியில் வரும் வானவில்லோடு பாடத்தை முடித்துவிடுங்கள் என்றார்.

அன்று வீட்டில் திருநாவுக்கரசு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சுகந்தினி அதைச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு," என்றார் அவர். "உமக்கும் அது வேண்டாம்."

"ஓம். எனக்கும் உள்ளுக்க ஒரு நிம்மதிதான்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா, அவள் பயத்தில தள்ளேல்லப்பா. மற்றதுகள் சிரிச்சதுக்குத் தள்ளினவள்."

"அதுக்கு நீர் என்ன செய்யிறது?"

"தெரியேல்ல."

தெரியாமலே ஒரு கண்ணாடித் துண்டையும் டார்ச்சையும் வைத்துச் சுவரில் வானவில் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓடியபிறகு, தாலியா மட்டும் வகுப்பில் நின்றாள்.

"சுகா, மேசை மிதக்குமா?"

"எந்த மேசை?"

"மரத்தில செய்த மேசை. சாப்பாட்டு மேசை."

சுகந்தினி அவளுக்குப் பக்கத்தில் சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் யூத வீடுகளில் ஓய்வுநாளை வரவேற்க மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஏற்றியதை ஊதி அணைக்கக் கூடாது, தானாக எரிந்து முடிய வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அம்மா நேரத்தோடு ஏற்றிவிட்டார். அதன்பிறகு தண்ணீர் வந்தது. அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். மெழுகுவர்த்திகள் மேசையில் எரிந்துகொண்டிருந்தன.

"அதுகளை ஆர் அணைச்சது?" என்று தாலியா கேட்டாள். "தண்ணியா?"

தண்ணீர்தான் அணைத்திருக்கும் என்றே சுகந்தினி நினைத்தார், ஆனால் அதைச் சொல்லாமல் கேட்டார்: "நீ அம்மாட்டக் கேட்டனியா?"

"வீட்டில நாங்கள் அதைக் கதைக்கிறேல்ல."

அன்று சுகந்தினி யாயெலிடம் போனார். மறுபடி தண்ணீர்ப் பாடம் நடத்தலாமா என்று கேட்க இருவருமாக அதிபரிடம் போனார்கள். அதிபர், தாயின் சம்மதம் இருந்தால் செய்யுங்கள் என்றார். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாயிடம், காவலாளி நிற்கும் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, சுகந்தினி விஷயத்தைச் சொன்னார்.

"கதைக்காமல் விட்டா மறந்திடுவாள் எண்டு நினைச்சம்," என்றார் தாய்.

"அவள் மறக்கேல்ல. மேசையைப் பற்றிக் கேக்கிறாள்."

தாய் சாவிக்கொத்தில் கார்த் திறப்பை விரலில் சுற்றினார். பிறகு கேட்டார்: "நீங்கள் அந்த வெள்ளத்தில எங்க இருந்தனீங்கள்?"

"ரானுயியில. எங்கட வீடும் போனது."

"அப்ப செய்யுங்கோ," என்றார்.

மறுநாள் சுகந்தினி பிள்ளைகளை வட்டமாக இருத்தி, தொட்டியைக் கொண்டுவருவதற்கு முன் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று ஒருவன் கேட்டான். எழும்பி நின்று இடுப்பைக் காட்டினார். பிள்ளைகளுக்கு அது தோளுக்கு மேல்.

"நீங்கள் அழுதனீங்களா?" என்று தாலியா கேட்டாள்.

"அண்டைக்கு அழேல்ல. கன நாளுக்குப் பிறகு, பழைய ஃபிரிட்ஜைக் குப்பை லொறியில ஏத்தினாங்கள். அப்ப அழுதனான்."

"ஃபிரிட்ஜுக்கா?" என்று ஒருவன் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். சுகந்தினி சிரித்தார். "ஓம், ஃபிரிட்ஜுக்குத்தான்," என்றார். அதன்பிறகு எல்லோரும் சிரித்தார்கள், தாலியாவும்.

அன்றைய பாடம் படகு இல்லை. வீட்டில் இருக்கிற பொருள்களில் எது மிதக்கும், எது தாழும் என்பது. கரண்டி, ஆப்பிள், சப்பாத்து, கதவுத் திறப்பு. போடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் ஊகத்தைச் சொல்லவேண்டும். ஆப்பிள் மிதந்ததில் பாதி வகுப்புக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு ஆப்பிள் கேட்டார்கள். தாலியா ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டி ஒரு மேசை செய்தாள். பசை காய மறுநாளாகிவிட்டது. வெற்றுத் தொட்டிக்குள் மேசையை வைத்து, மேலே களிமண்ணில் பிடித்த இரண்டு மெழுகுவர்த்திகளை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை. யாயெல் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினார்.

தண்ணீர் கால்களில் ஏறியது. மேசை அசைந்தது, பிறகு கிளம்பியது. கொஞ்சம் சரிந்து ஒரு மெழுகுவர்த்தி விழுந்தது.

"நீ அதை ஓரத்தில வைச்சனி," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

தாலியா விழுந்ததை எடுத்து நடுவில் வைத்தாள். "அம்மா எப்பவும் நடுவிலதான் வைக்கிறவ," என்றாள். இந்தமுறை தொட்டி நிரம்பும்வரை மேசை நேராகவே மிதந்தது. அவள் குனிந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணை வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோர் வந்து பிள்ளைகளின் வேலைகளைப் பார்க்கும் நாள். முடிச்சுப் போட்ட கயிறுகள் சுவரில் தொங்கின. தாலியா அப்பாவைத் தொட்டியடிக்குக் கூட்டிவந்து, தானே தண்ணீர் ஊற்றி, மேசை கிளம்புவதைக் காட்டினாள். தகப்பன் உயரமான மனிதர். குந்தியிருந்து பார்த்தார். சுகந்தினி இரண்டு அடி தள்ளி நின்றார். கிட்டப் போகவும் மனமில்லை, விலகிப் போகவும் மனமில்லை.

"இது எங்கட மேசையா?" என்று தகப்பன் கேட்டார்.

"ஓம். அது மிதந்திருக்கும். ஆனா உண்மையா மிதந்ததோ எண்டு எனக்குத் தெரியாது."

அவர் சொன்னார்: "மிதந்தது. அடுத்த நாள் நான் திரும்பிப் போனனான். மேசை சாப்பாட்டறையில இல்லை. கதவடிக்கு வந்து, அங்க தட்டுப்பட்டுத் தரையில நிண்டது. சுவரில தண்ணி வந்த அடையாளம் மேசைக்கு மேல இருந்தது. ஆனா மேசை விரிப்பின்ர நடுப்பகுதி காய்ஞ்சு கிடந்தது."

"மெழுகுவர்த்தி?"

"அடிவரைக்கும் எரிஞ்சு முடிஞ்சிருந்தது. ரெண்டும். மெழுகு வழிஞ்சு விளக்குத்தண்டில உறைஞ்சு கிடந்தது."

"ஒருத்தரும் அணைக்கேல்லயா?"

"ஒருத்தரும் அணைக்கேல்ல."

பின்னால் நின்ற தாய்க்கும் அது புதுச்செய்தி. "நீங்கள் எனக்கு இதைச் சொல்லேல்ல," என்றார் கணவனிடம். "நீ கேக்கேல்ல," என்றார் அவர். அந்த வீட்டில் அப்படியொரு காட்சி நடந்தது என்பதைச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. மற்றவர் மனம் நோகும் என்று ஒவ்வொருவரும் வாயை மூடியிருந்தார்கள். தாலியா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொட்டியில் இருந்த மேசையை விரலால் மெல்லத் தள்ளினாள். அது மறுபக்கம் போய் விளிம்பில் தட்டி நின்றது.

சுகந்தினி ஆசிரியர் அறைக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாராம். யாயெல் உள்ளே வந்தார். பேழைக்குள் நோவாவுக்கு நித்திரையே இருக்கவில்லை என்று தங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். சில மிருகங்களுக்குப் பகலில் சாப்பாடு, சிலதுக்கு இரவில். ஒருநாள் சாப்பாடு பிந்தியதற்குச் சிங்கம் நோவாவை அடித்துவிட்டது.

"கப்பலுக்குள்ள இருந்தவனும் சும்மா தப்பேல்ல," என்றார் யாயெல். "அதைத்தான் நான் பிள்ளையளுக்குச் சொல்ல மறந்திட்டன்."

அந்த ஒரு காலையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சுகந்தினி சொல்லவில்லை. தாலியா அதன்பிறகும் மழை நாளில் ஜன்னலோரம் உட்கார மறுத்தாள். சுகந்தினியும் மழை பெய்தால் இன்றைக்கும் கதவைத் திறந்து ரோட்டைப் பார்க்கிறார். ஆனால் இப்போது அவர் எழும்பினால் திருநாவுக்கரசும் எழும்பி வந்து பக்கத்தில் நிற்கிறார். ஒருநாள் அவர், "அண்டைக்கு உம்மைப் பின்னால விட்டிட்டு நான் முன்னால போனது இப்பவும் மனதில கிடக்கு," என்றாராம். "பிள்ளை உங்கட கையில இருந்தவள்தானே," என்று சுகந்தினி சொன்னார். இருவரும் அதை அதற்கு முன் பேசியதில்லை.

வருட முடிவில் தாலியாவின் குடும்பம் மெல்பேர்ணுக்குப் போய்விட்டது. தகப்பனுக்கு அங்கே வேலை. கடைசி நாள் பிள்ளை சுகந்தினியைக் கட்டிப்பிடித்தாள், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும். அவள் போனபிறகு சில வாரம் அந்தக் கதிரையை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சுகந்தினிக்கு மனம் வரவில்லை. பிறகு கொடுத்தார்.

போன அக்டோபரில் மறுபடி நோவா வாரம் வந்தது. புதுப் பிள்ளைகள். சுகந்தினி இம்முறை கயிற்றில் மூன்று நாள் கடத்தவில்லை. தொட்டியைக் கொண்டுவருவதற்கு முன், வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் இந்த வகுப்பில் இருக்கலாம், நானும் ஒருத்தி என்று சொன்னார். ஒருத்தி தங்கள் கராஜுக்குள் வந்தது என்றாள். இன்னொருவன் தன் மாமா வீட்டில் என்றான். அதையெல்லாம் கேட்டுவிட்டுப் படகு செய்யத் தொடங்கினார்கள்.

பாதியில் முன்வரிசையில் இருந்த ஒருவன் கையைத் தூக்கினான். "சுகா, மீனெல்லாம் என்ன செய்தது?"

"என்ன மீன்?"

"வெள்ளத்தில மீனுக்கு ஒண்டும் ஆகாதே. அப்ப அதுகள் மட்டும் ஏன் சாகேல்ல? அதுகள் பிழை செய்யேல்லயா?"

சுகந்தினி வேதாகமத்தில் வாசித்ததை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். மீன் எங்கும் வந்ததாக ஞாபகமில்லை.

"கொஞ்சம் இருங்கோ," என்று சொல்லிவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, யாயெலைத் தேடிப் பக்கத்து வகுப்புக்குப் போனார்.